பழைய டீசல் தொட்டி எடுத்த குழி மண், 120 யூனிட்: எத்தனை மாதிரி, எந்தப் பரிசோதனை?

கடலோரன்

வணக்கம். கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் ஒரு மீன் இறங்குதளம். ஊர் பெயர் வேண்டாம். படகுகளுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தடித் தொட்டியைத் தோண்டி எடுத்தாச்சு. ஒற்றைச் சுவர் இரும்புத் தொட்டி, அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குழி சுமார் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் 3 மீட்டர். 2.2 மீட்டரில் தண்ணி வந்துடுச்சு. மேலே ஒரு மீட்டர் வெறும் மணல், அதுக்குக் கீழே சிப்பி, பவளத்துண்டு கலந்த மணல், அடியில் கருப்புச் சேறு.

தோண்டிய மண் 120 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), தார்ப்பாய் விரித்து ஒரே குவியலாகக் கிடக்குது. ஒப்பந்தக்காரர் குவியலின் ஓரத்தில் ஒரு மாதிரி அள்ளி லேபுக்கு அனுப்பினார். "எண்ணெய் மற்றும் கிரீஸ் 3,800 மி.கி./கி.கி." என்று ஒரே வரியில் அறிக்கை வந்திருக்கு. இதை வைத்து மண்ணைத் திருப்பிக் குழியில் போடலாமா, லாரி ஏற்றணுமா என்று முடிவு பண்ண முடியுமா? முடியாதுன்னா என்ன செய்யணும்? வடகிழக்குப் பருவமழை இறங்குறதுக்குள்ள முடிக்கணும்.

குழிமேடு

முடியாது. 120 யூனிட்டுக்கு ஒரு மாதிரி, அதுவும் வெயிலில் காய்ந்த ஓரத்து மண்ணில். அந்த அறிக்கையைக் கோப்பில் வைங்க, முடிவுக்கு எடுக்காதீங்க.

முதல் வேலை பரிசோதனை இல்லை, குவியலைப் பிரிக்கிறது. மூணு விதமான மண்ணை ஒண்ணாக் கொட்டியிருக்கீங்க. மேல் மணலில் டீசல் அநேகமாக நிரப்பு குழாய்க்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். தொட்டி கசிந்தது அடியில். அங்கிருந்து இறங்கின டீசல் தண்ணி மட்டத்தில் போய் மிதந்திருக்கும். சித்திரை வைகாசியில் தண்ணி இறங்கும்போது கூடவே இறங்கி, கார்த்திகையில் ஏறும்போது கூடவே ஏறி, அந்த இடைப்பட்ட மண் முழுக்கத் தடவிவிட்டிருக்கும். உங்க குழியில் 1.5 மீட்டரிலிருந்து 2.5 வரைக்கும் வந்த மண்தான் நோயாளி. அதை மேல் மணலோடு கலந்தால் 40 யூனிட் நல்ல மண்ணையும் கெட்ட மண்ணாக ஆக்கி லாரி வாடகை கொடுப்பீங்க.

கடைசியில் தோண்டினது குவியலின் மேலேயும் ஒரு கோடியிலேயும் கிடக்கும். ஜேசிபி ஓட்டுறவர்கிட்ட எந்தப் பக்கம் முதலில் கொட்டினார்னு கேளுங்க. நிறத்தை வைத்தே பிரிச்சிடலாம்: வெளுத்த மணல், சிப்பி மணல், கருப்புச் சேறு. மூணு தனி விரிப்பு, 250 மைக்ரானுக்குக் குறையாத பாலிதீன், சுத்தி ஒரு அடி வரப்பு, மேலே மூடி, விளிம்பில் மணல் மூட்டை. வரப்புக்குள்ளே தேங்குற தண்ணியைக் கடல் பக்கம் வெட்டிவிடாமல் பீப்பாயில் பிடிங்க. பிரிக்கும்போதே ஜேசிபியின் ஹைட்ராலிக் ஹோஸைப் பாருங்க. அதிலிருந்து சொட்டுற எண்ணெயும் மண்ணோடு சேர்ந்து லேபில் டீசல் கணக்கில் ஏறும்.

குரோமட்டோகிராம்

கடலோரன், அந்த 3,800 என்ற எண்ணை எப்படிப் பெற்றார்கள் என்பதுதான் கேள்வி. எண்ணெய்-கிரீஸ் பரிசோதனை எடை பார்க்கும் முறை. மண்ணை ஹெக்ஸேனில் ஊறவைத்து, வடித்து, ஹெக்ஸேனை ஆவியாக்கி, மிச்சம் நிற்பதை நிறுப்பார்கள். நின்றது டீசலா, மீன் எண்ணெயா, இலை மெழுகா என்று தராசுக்குத் தெரியாது. மீன் இறங்குதளத்தில் ஹெக்ஸேனில் கரையும் கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை.

மறுபக்கமும் ஒரு தவறு உண்டு. ஹெக்ஸேனை ஆவியாக்கும்போது மண்ணெண்ணெயில் ஒரு பகுதியும், டீசலின் லேசான பகுதியும் கூடவே பறந்துவிடும். ஆக, இல்லாததைக் கூட்டியும் இருப்பதைக் குறைத்தும் காட்டக்கூடிய எண் அது. 3,800-இல் டீசல் 3,500 இருக்கலாம், 600-உம் இருக்கலாம்.

லேபுக்கு எழுதும் கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், சி10 முதல் சி40 வரை (சி-க்குப் பின் வரும் எண் மூலக்கூறில் உள்ள கார்பன் எண்ணிக்கை), ஜிசி-எஃப்ஐடி முறை (வாயு குரோமட்டோகிராஃபியில் பிரித்துச் சுடரில் அளப்பது), கொழுப்பை நீக்கும் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும், உலர் எடை அடிப்படையில், குரோமட்டோகிராம் (கருவி வரையும் வரைபடம்) அச்சுப்பிரதியுடன். முறையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கச் சூழல் முகமையின் இபிஏ 8015 என்றால் டீசல் வரம்பு சி10–சி28, ஐஎஸ்ஓ 16703 என்றால் சி10–சி40. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரம்) சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அங்கீகார வரம்புப் பட்டியலில் "மண்" என்ற தலைப்பின் கீழ் இந்த அளவுரு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு மண்ணைச் செய்து கொடுப்பதும் நடக்கிறது.

இன்னொன்று, உலர் எடை. ஈர மண்ணில் 1,200 என்று வந்து ஈரப்பதம் 22 சதவீதம் என்றால், உலர் கணக்கில் அது 1,538. கடலோரச் சேற்றில் இந்த வித்தியாசம் ஒரு குவியலையே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

கச்சான்

மேடம் சொன்ன மீன் எண்ணெய் விஷயத்தில் ஒண்ணு சேர்க்கணும். மரப்படகுக்குச் சுறா ஈரல் எண்ணெய் பூசுற வழக்கம் உள்ள கரையா அது? அப்படின்னா சிலிக்கா ஜெல்லை மட்டும் நம்ப முடியாது. சாதாரண மீன் கொழுப்பு சிலிக்கா ஜெல்லில் ஒட்டிக்கும். சுறா ஈரலில், அதிலும் ஆழ்கடல் சுறாவில், ஸ்குவாலின் நிறைய. அது கொழுப்பு இல்லை, தானே ஒரு ஹைட்ரோகார்பன். ஜெல் அதை முழுசாப் பிடிச்சு நிறுத்தாது.

குரோமட்டோகிராம்

சரியான எச்சரிக்கை. நல்லவேளையாகக் குரோமட்டோகிராமில் அது ஒளிந்துகொள்ளாது. சி28-ஐ ஒட்டி ஒற்றைக் கூர்முனையாக நிமிர்ந்து நிற்கும். பெட்ரோலியம் எதுவும் அப்படித் தனி ஆளாக நிற்பதில்லை. அச்சுப்பிரதி கேளுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலோரன்

குவியலைப் பிரிச்சாச்சு. மணல் 40 யூனிட், சிப்பி மணல் 55, சேறு 25. எத்தனை மாதிரி எடுக்கணும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக் கடிதத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை.

குழிமேடு

நம்ம ஊருக்கென்று குவியல் கணக்கு எதுவும் சொல்லலைன்னா, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை வைத்திருக்கிற அட்டவணையை எடுத்து, அதைத்தான் பின்பற்றுறோம்னு வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. 100 கன கெஜம் வரை 3 மாதிரி, 500 வரை 5, 1,000 வரை 7, 2,000 வரை 10. ஒரு கன கெஜம் 27 கன அடி, ஒரு யூனிட் 100 கன அடி. அதனால் நம்ம கணக்கில் 27 யூனிட் வரை 3, 135 யூனிட் வரை 5, 270 வரை 7, 540 வரை 10. உங்களுக்கு மணலுக்கு 5, சிப்பி மணலுக்கு 5, சேறுக்கு 3, ஆக 13. ஒரே குவியலாக விட்டிருந்தால் 5-தான் வந்திருக்கும். 8 மாதிரிக் காசு கூடப் போனாலும் மணல் குவியல் சுத்தம்னு வந்துட்டால் 40 யூனிட் ஏத்துக்கூலி மிச்சம்.

13-க்கு மேலே இரட்டை மாதிரி (லேபைச் சரிபார்க்க அதே இடத்தில் இன்னொண்ணு) 2. தளத்துக்கு வெளியே, காற்று வர்ற பக்கம், டீசல் படாத இடத்தில் அதே ஆழத்துச் சிப்பி மணலும் சேறும் ஒவ்வொண்ணு. இந்தப் பின்புல மாதிரியைப் பலர் எடுக்கிறதில்லை. அது இல்லாமல் சேற்றில் இயற்கையாவே எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் வாதாட வராது.

எடுக்கும்போது மேல் தோலை ஒரு அடிக்கு வழிச்சுத் தள்ளிட்டு உள்ளே இருந்து எடுங்க. சுத்தி நாலு பக்கமும், உச்சியிலும், அடியிலும் பிஐடி (மண்ணிலிருந்து வர்ற ஆவியை அளக்கிற கைக்கருவி) வைத்துப் பார்த்து, அதிகமாக் காட்டுற இடங்களில் எடுக்கணும். கை எட்டுற உயரத்தில் மட்டும் எடுத்தால் அது மாதிரி ஆகாது.

தேரிமணல்

எண்ணிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்து. 55 யூனிட் சிப்பி மணலில் அஞ்சு இடம் தொட்டு எடுத்தால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. டீசல் மண்ணில் சீராகப் பரவாது, திட்டுத் திட்டாக உட்காரும். பன்முனைக் கூட்டு மாதிரி நல்லது: ஒரு குவியலில் 30 இடத்தில் ஒவ்வொன்றும் 40 கிராம், மொத்தம் 1.2 கிலோ, ஒரே மாதிரியாக. அதையே வேறு 30 இடங்களில் இன்னும் இரண்டு தடவை. மூன்று எண்ணும் நெருக்கமாக வந்தால் குவியலின் சராசரி இதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். லேபுக்குப் போவதும் மூன்றே மாதிரி.

குழிமேடு

சராசரி தெரியும். கெட்ட திட்டு எங்கேன்னு தெரியாது. குவியலில் ஒரு மூலை மட்டும் நாறுதுன்னா அந்த மூலையைத் தனியா அள்ளிடலாம். கலந்துட்டால் அந்த வழி அடைபட்டுப் போச்சு. அதுபோக, "நாலு இடத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரி" என்று செய்றவங்க அந்த எண்ணை முழு வரம்போடு ஒப்பிடுறாங்க. மூணு இடம் சுத்தமா இருந்து ஒரு இடத்தில் வரம்பைப் போல நாலு மடங்கு இருந்தாலும் கலவை வரம்புக்குள்ளே வந்து நிக்கும். நாலைக் கலந்தால் வரம்பில் நாலில் ஒண்ணோடுதான் ஒப்பிடணும்.

தேரிமணல்

நான் சொன்னது நாலு இடம் இல்லை, முப்பது இடம், மூன்று தடவை. இருந்தாலும் திட்டைப் பிரித்து எடுக்கும் வாய்ப்பு போகிறது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சேற்றுக்கும் சிப்பி மணலுக்கும் தனித்தனி மாதிரி. சுத்தம் என்று நினைக்கும் மணல் குவியலுக்கு, அங்கே தேடுவதற்குத் திட்டு இல்லை, நிரூபிக்க வேண்டியது சராசரி என்பதால், பன்முனைக் கூட்டு மாதிரி.

குரோமட்டோகிராம்

கூட்டு மாதிரி எடுப்பதானால் ஒரு நிபந்தனை. அந்த முறையில் வழக்கமாக மண்ணைக் காற்றில் உலர்த்திச் சலிப்பார்கள். டீசலுக்கு அது ஆகாது. இங்கத்து வெயிலில் ஒரு பகல் தட்டில் பரப்பினால் சி10 முதல் சி14 வரை உள்ள பகுதி கணிசமாகப் போய்விடும். ஈர மண்ணாகவே சிறு சிறு அள்ளலாக லேபில் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆவியாகும் பகுதிக்குக் கூட்டு மாதிரி அறவே கூடாது. இது டீசல் தொட்டி, பென்ஸீன் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அதே தொட்டியில் எப்போதாவது பெட்ரோல் இருந்ததா என்று பழைய பதிவேட்டைப் பாருங்கள். 2000-க்கு முன்னால் பெட்ரோல் இருந்திருந்தால் ஈயமும் பார்க்க வேண்டும். இல்லையென்றாலும் சேற்றில் இரண்டு மாதிரிக்காவது பென்ஸீன், டொலுவீன், எத்தில்பென்ஸீன், சைலீன், கூடவே நாப்தலீன்.

இதில் நம் கரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆவியாகும் சேர்மங்களுக்கு லேப் தரும் சில குப்பிகளில் சோடியம் பைசல்பேட் கரைசல் இருக்கும். அது அமிலம். சிப்பியும் பவளமும் கால்சியம் கார்பனேட். மண்ணைப் போட்டவுடன் புஸ்ஸென்று நுரைத்துக் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அதோடு பென்ஸீனும் வெளியேறும். உடனே மூடினால் குப்பி வெடிக்கலாம். கொஞ்சம் மண்ணை எடுத்து அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் பைசல்பேட் வேண்டாம்.

அதற்குப் பதில், முன்கூட்டி எடை போட்ட 40 மில்லி குப்பியில் 5 மில்லி மெத்தனால், அதில் 5 கிராம் மண். மெத்தனால் இங்கே கட்டுப்பாட்டில் உள்ள பொருள், நஞ்சு, தீப்பற்றும். ஆகவே லேபே அளந்து ஊற்றி அனுப்பும் குப்பியைத்தான் வாங்க வேண்டும். நுனி வெட்டிய 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சை மண்ணில் குத்தி, உருளையாக எடுத்து நேரே குப்பிக்குள் தள்ளுங்கள். கரண்டியால் கிளறினாலே பாதி போய்விடும். மூடுவதற்கு முன் குப்பியின் மரையை ஒரு தாளால் துடையுங்கள். இரண்டு சிப்பித் துகள் மரையில் சிக்கியிருந்தால் ரப்பர் பதியாது, மெத்தனால் கசியும், எடை குறைந்து வரும், லேப் அந்தக் குப்பியையே நிராகரிக்கும். பெயரை எழுத மார்க்கர் பேனா வேண்டாம், அதன் கரைப்பான் சில நேரம் முடிவில் தலைகாட்டும். பென்சில் அல்லது பந்துமுனைப் பேனா.

டீசல் பகுதிக்கு 250 மில்லி கண்ணாடி ஜாடி, டெஃப்லான் உள்வைத்த மூடி, கழுத்து வரை நிரப்பி. பிளாஸ்டிக் டப்பா கூடாது.

கச்சான்

பிஐடி பற்றி. 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு, 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீனில் அளவு திருத்தம், இது எல்லாரும் செய்றது. கெடுக்கிறது இங்கத்து ஈரக்காற்றும் உப்பும்தான். உப்புத்தூசு படிஞ்ச சென்சாரில் ஈரம் ஏறினால் ஒண்ணுமில்லாத மண்ணுக்கும் எண் மெதுவா ஏறிக்கிட்டே போகும். அதே ஈரம் ஆவி நிலையில் அதிகமா இருந்தால் உண்மையான எண்ணைக் குறைச்சும் காட்டும். கச்சான் காத்து (மேற்கத்திக் காத்து) மணலை அடிக்கிற நாளில் கருவியைத் திறந்தவெளியில் வைக்காதீங்க. தினமும் விளக்குக் கண்ணாடியைத் துடைங்க. காலையில் முதல் வேலையா, பின்புல இடத்துச் சுத்தமான ஈர மண்ணை ஜாடியில் போட்டு அது என்ன காட்டுதுன்னு குறிச்சுக்குங்க. அன்னிக்கு அதுதான் பூஜ்ஜியம்.

ஜாடிச் சோதனை: அரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் பாதி மண், வாயில் அலுமினியத் தாள் இறுக்கி மூடி, 15 விநாடி குலுக்கு, நிழலில் 10 நிமிஷம், மறுபடி 15 விநாடி குலுக்கு, தாளில் குத்தி முனையை விட்டு, முதல் சில விநாடியில் வர்ற உச்ச எண்ணைக் குறி. வெயிலில் ஒரு ஜாடி, நிழலில் ஒரு ஜாடின்னு வைத்தால் ஒப்பிடவே முடியாது.

முக்கியமானது: பழைய டீசலுக்குப் பிஐடி சோம்பேறி. லேசான பகுதி பறந்துபோன மண்ணில் ஆயிரக்கணக்கில் மி.கி. இருந்தாலும் கருவி இரண்டு இலக்கத்தைத் தாண்டாமல் இருக்கலாம். "5 பிபிஎம்தான், சுத்தம்" என்று எழுதிடாதீங்க. எங்கே மாதிரி எடுக்கிறதுன்னு கைகாட்ட மட்டும் அது. எஃப்ஐடி கருவி (ஆவியைச் சுடரில் எரிச்சு அளக்கிறது) கொண்டு வர்றவங்களும் உண்டு. அது சேற்றிலிருந்து வர்ற மீத்தேனையும் எண்ணும். கருப்புச் சேற்றில் அதை நம்பி டீசல்னு முடிவு கட்டக் கூடாது.

பழைய டீசலுக்குக் கைக்கு எளிது தண்ணிச் சோதனை. வெள்ளைக் கிண்ணத்தில் கேன் தண்ணி, ஒரு கை மண், மெல்ல ஆட்டு. மேலே வானவில் படலம் வந்தால் குச்சியால் கீறிப் பாருங்க. பெட்ரோலியம்னா கீறின இடம் உடனே ஓடிச் சேர்ந்துக்கும். சில்லுச் சில்லா உடைஞ்சு அப்படியே நின்னால் அது சேற்றில் இருக்கிற இரும்பு பாக்டீரியா, அழுகல் படலம். மீன் எண்ணெய் படலமும் ஓடிச் சேரும், அதனால் இதுவும் வழிகாட்டிதான், தீர்ப்பு இல்லை.

தேரிமணல்

சிப்பி மணல் குவியல் பற்றி யாரும் தொடாத ஒன்று. லேபில் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்துவிட்டுத்தான் பெரும்பாலும் பகுப்பாய்வுக்கு எடுக்கிறார்கள். நம் கரையில் சில அடுக்குகளில் பாதிக்குப் பாதி சிப்பியும் பவளத்துண்டும். அதை எறிந்துவிட்டு மிச்சப் பொடியில் வந்த எண்ணைக் குவியல் முழுதுக்கும் சொன்னால் கணக்கு மேலே போகும். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் கணக்கு கீழே வரும்.

உதாரணம்: எடையில் 60 சதவீதம் பொடி, அதில் 1,800. 40 சதவீதம் சிப்பி, அதன் மேல் ஒட்டியது 150. மொத்த மண்ணின் உண்மை எண் 1,140. பொடியை மட்டும் சொன்னால் 1,800. எது சரி என்பது மண் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. லாரியில் எடை போட்டு அனுப்பும்போது மொத்த எண். குழந்தைகள் நடமாடும் இடத்தில் பரப்பும்போது கையில், காலில் ஒட்டுவது பொடி, ஆகவே பொடியின் எண். இரண்டையும் தனித்தனியாகச் செய்து, எடை விகிதத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சலித்துப் பிரித்தாலே 40 சதவீதம் சிப்பி தனியாக ஒதுங்கி, கெட்ட மண்ணின் அளவு சுருங்கும் வாய்ப்பும் இதில்தான் தெரியவரும்.

கடலோரன்

வரம்பு எது? ஆளுக்கொரு எண் சொல்றாங்க. 5,000 வரை போகலாம்னு ஒப்பந்தக்காரர் சொல்றார்.

தேரிமணல்

5,000 மி.கி./கி.கி. என்று பலர் சொல்வது நெதர்லாந்தின் தலையீட்டு அளவு, அதாவது தாண்டினால் மண் கடுமையாக மாசடைந்தது என்று கொள்ளும் எண். அது 10 சதவீதம் கரிமப் பொருள் உள்ள மண்ணுக்கு. கரிமப் பொருள் குறையக் குறைய அதே விகிதத்தில் வரம்பும் குறையும், 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள எல்லா மண்ணுக்கும் 2 என்றே வைத்துக் கணக்கிடுவார்கள். நம் கடற்கரை மணலில் கரிமப் பொருள் 2 சதவீதத்தைத் தொடுவதே அரிது. அந்தக் கணக்கில் வரம்பு 1,000, 5,000 இல்லை. மணலுக்கு டீசலைப் பிடித்துவைக்கும் சக்தி இல்லை என்பதுதான் இதன் பொருள். நாலடி தோண்டினால் ஊற்று நீர் கிடைக்கும் கரையில், உப்பு நீரின் மேல் மெல்லிசாக மிதக்கும் நல்ல தண்ணீரைக் குடிக்கும் ஊர்களில், அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

கரிமப் பொருளை அளப்பதிலும் கவனம். கரிமத்தை டைகுரோமேட் கரைசலால் அளக்கும் வாக்லி-பிளாக் முறையில் மண்ணில் உள்ள குளோரைடு அந்த டைகுரோமேட்டைத் தின்றுவிடும், இல்லாத கரிமத்தை இருப்பதாகக் காட்டும். உப்பு மண்ணுக்கு வெள்ளி சல்பேட் சேர்த்துச் செய்யச் சொல்ல வேண்டும். 550 டிகிரியில் எரித்து எடைக்குறைவு பார்ப்பதானால் வெப்பநிலையைத் தாண்டவிடக் கூடாது, 700-க்கு மேல் போனால் சிப்பியே சிதைந்து எடை இழக்கும். எந்த முறையானாலும் பின்புல மண்ணில் செய்யுங்கள். டீசல் மண்ணில் செய்தால் டீசலே கரிமப் பொருள் கணக்கில் ஏறிக்கொள்ளும்.

இது நெதர்லாந்து கணக்கு மட்டுமே. உங்களுக்குச் செல்லுபடியாகும் எண்ணை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகள் 2025-இல் வந்துவிட்டன, அதைக் குறிப்பிட்டே கேட்கலாம்.

குழிமேடு

சட்டப் பக்கம் சுருக்கமா. தொட்டியின் அடிச்சகதியை மண்ணோடு சேர்க்காதீங்க. அது அபாயகரக் கழிவுகள் விதிகள் 2016-இன் முதல் அட்டவணைக் கழிவு, தனி பீப்பாய், தனி லேபிள். மண் அந்த வகையில் விழுதா என்பதை இரண்டாம் அட்டவணையின் அளவுகளை வைத்து வாரியம் சொல்லணும். விழுந்தால் 90 நாளுக்கு மேல் தளத்தில் வைத்திருக்க முடியாது, படிவம் 10 (கழிவோடு போகிற சரக்குச் சீட்டு) இல்லாமல் ஒரு லாரியும் நகரக் கூடாது. கும்மிடிப்பூண்டி அபாயகரக் கழிவு மையம் வரைக்கும் ஏத்துறதா இருந்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதனால்தான் முதலில் பிரிங்கன்னு சொன்னேன். கரையோரப் பள்ளத்தில் கொட்டி நிரப்புற யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்க. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் அது, எதிரே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காத் தீவுகள்.

கசிவுச் சோதனை, அதாவது டிசிஎல்பி, கேட்டால் முதலில் கணக்குப் போடுங்க. அதில் ஒரு பங்கு மண்ணுக்கு இருபது பங்கு திரவம். மண்ணில் மொத்த பென்ஸீனே 10 மி.கி./கி.கி.க்குக் கீழே இருந்தால், அது முழுசும் கரைந்தாலும் 0.5 மி.கி./லிட்டர் என்ற வரம்பைத் தாண்ட வழியில்லை. அந்தச் செலவு மிச்சம்.

கச்சான்

குழியை மறந்துடாதீங்க. குவியல் சுத்தம்னு வந்து, குழிச் சுவரில் டீசல் இருந்தால் நல்ல மண்ணைப் போய்க் கெட்ட குழியில் போட்ட கதையாயிடும். நாலு சுவரிலும் தரையிலும் மாதிரி எடுங்க. சுவரில் பாதி உயரத்தில் எடுக்காமல், தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நிறம் மாறுற பட்டையில் எடுக்கணும். யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம், மணல் சுவர் நிக்காது. ஜேசிபி வாளியில் அள்ளச் சொல்லி, வாளியின் நடுவிலிருந்து, இரும்பில் படாத மண்ணை எடுங்க.

கடலோரன்

குரோமட்டோகிராம் வந்தால் அதில் என்ன பார்க்கணும்? லேப் எண்ணை மட்டும்தான் விளக்கும்.

குரோமட்டோகிராம்

புது டீசல் என்றால் சி10 முதல் சி25 வரை சம இடைவெளியில் சீப்புப் பல் போல முனைகள். பழசானால் பற்கள் தேய்ந்து அடியில் ஒரு மேடு மட்டும் எஞ்சும். சி17-க்கும் அதன் பக்கத்திலேயே ஒட்டி நிற்கும் பிரிஸ்டேனுக்கும் (டீசலில் உள்ள கிளைத்த ஹைட்ரோகார்பன்) உள்ள உயரத்தைப் பாருங்கள். புதிதில் சி17 உயரம். பாக்டீரியா அதை முதலில் தின்றுவிடும், பிரிஸ்டேன் நிற்கும். பிரிஸ்டேன் உயர்ந்திருந்தால் சிதைவு நடந்துகொண்டிருக்கிறது, அந்தக் குவியலைத் தளத்திலேயே காற்றும் உரமும் கொடுத்துச் சீராக்க வாய்ப்பு உண்டு.

மேடு சி20-க்குப் பின்னால் தொடங்கி சி35 வரை போனால் அது இன்ஜின் ஆயில் அல்லது ஹைட்ராலிக் எண்ணெய், டீசல் அல்ல. சி27, சி29, சி31 என்று ஒற்றைப்படை முனைகள் மட்டும் உயர்ந்து இரட்டைப்படை தாழ்ந்திருந்தால் அது இலை மெழுகு. பனையோலை மக்கிய மண்ணில் எதிர்பார்க்க வேண்டியது. பின்புல மாதிரியின் அச்சுப்பிரதியை மேலே வைத்து ஒப்பிட்டால் வெளிச்சமாகத் தெரியும்.

சிலிக்கா ஜெல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் மிகவும் விலகினால் அத்தனையும் மீன் கொழுப்பு என்று தள்ளிவிடவும் வேண்டாம். டீசல் சிதைந்து உண்டாகும் பொருள்களையும் ஜெல் பிடித்துக்கொள்ளும். பின்புலத்திலும் அதே அளவு விலகல் இருந்தால் மட்டுமே அது இயற்கைக் கொழுப்பு. ஆர்த்தோ-டெர்ஃபினைல் (சரிபார்க்க லேப் மாதிரியில் அளந்து சேர்க்கும் பொருள்) மீட்பு எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். 40, 50 என்று இருந்தால் ஈரச் சேற்றின் நீரை உலர்த்தும் உப்பால் சரியாக நீக்காமல் கரைப்பானை ஊற்றியிருக்கலாம். திரும்பச் செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாதிரி எடுத்த 14 நாளுக்குள் பிரித்தெடுத்திருக்க வேண்டும், அதிலிருந்து 40 நாளுக்குள் கருவியில் ஓட்டியிருக்க வேண்டும். இரண்டு தேதியும் அறிக்கையில் இருக்கட்டும்.

கடலோரன்

திங்கட்கிழமை எடுக்கப்போறோம். மாதிரியைக் குளிர்ச்சியா வைக்க இறங்குதளத்திலேயே ஐஸ் கிடைக்கும், பெட்டியும் கிடைக்கும்.

கச்சான்

ஐஸ் எடுத்துக்குங்க தம்பி, பெட்டி வேண்டாம். மீன் வைத்த தெர்மகோல் பெட்டியை எத்தனை தடவை கழுவினாலும் கொழுப்பு போகாது. புதுப் பெட்டி வாங்குங்க. பார் ஐஸை உடைச்சு இரண்டு பாலிதீன் உறையில் முடிச்சுப் போட்டு வைங்க, அவிழ்த்துக் கொட்டினால் உருகின தண்ணி ஜாடி மூடிக்குள்ளே இறங்கும். பெட்டிக்குள்ளே ஒரு சின்ன பாட்டில் தண்ணியும் வைங்க, லேபில் வாங்குறவர் அதில் வெப்பமானி விட்டுப் பார்த்து 6 டிகிரிக்குள்ளே இருக்கான்னு ரசீதில் எழுதணும். காலை எட்டு மணிக்குள்ளே எடுத்து முடிச்சு, அன்னிக்கே மதுரைக்கு ஆள் கையில் கொடுத்து விடுங்க. மெத்தனால் குப்பி இருக்கிறதால் கூரியர்காரங்க எடுக்க மாட்டாங்க.